நகத்தில் வளரும் பிறை

அழகு என்பது பொருளுடையார்க்கே உரிய உடைமை என்னும் எண்ணம் இன்றைய இளையோர் நெஞ்சில் மெல்ல வேரூன்றி வருகின்றது. ‘நெயில் ஆர்ட்’ என்று அவர்கள் வழங்கும் நகக்கலை இதற்கு நல்லதொரு சான்று. பத்து நகங்களுக்கு வண்ணம் தீட்டிக்கொள்ள நகரத்து அழகு நிலையங்களில் சில நூறு ரூபாய் முதல் சில ஆயிரம் ரூபாய் வரை செலவிட வேண்டியுள்ளது. அங்ஙனம் செலவிட இயலாத மாணவி வகுப்பில் தன் விரல்களைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொள்வதை ஆசிரியர்களாகிய நாங்கள் கண்டிருக்கிறோம். நகம் சிறியதுதான். ஆயினும் அச்சிறு பரப்பில் ஒரு பெண்ணின் தன்மதிப்பு ஏறவும் இறங்கவும் கூடும். ஆகவே இது மலரொன்றில் எழுதத் தகாத சிறு பொருள் அன்று.

கையிலுள்ள பொருளைக் கொண்டே கையை அழகு செய்யும் கலை நம் நாட்டுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவியின் சீறடிக்குச் செம்பஞ்சுக் குழம்பு ஊட்டப்படுகிறது. மருதாணிக்கு மருதோன்றி, அழவணம், ஐவணம் எனத் தமிழில் பெயர்கள் பல உள. ஒரு பொருளுக்குப் பெயர் பலவாதல் அப்பொருளை மக்கள் நெருங்கிப் பழகியதன் அடையாளமாகும். எளியோர் வீட்டு நகக்கலைக்கு முதற்பொருள் இம்மருதாணியே. அதனை மருதாணி முளைக்காத ஊரொன்றில் கற்றவர்கள் நாங்கள்.

மலையேறி வந்த இலை

எங்கள் ஊர் குன்னூர். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில், நீலமலைச் சரிவில் தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்தது. மார்கழி, தை மாத இரவுகளில் குளிர் எலும்பைத் தொடும். மருதாணியோ வெயிலின் பிள்ளை. வறண்ட நிலத்திலும் கடும் வெப்பத்திலும் செழிப்பது. குளிர் மிகுந்தால் அதன் இலை பழுத்து உதிரும். உறைபனி பட்டால் செடியே மடியும். எனவே குன்னூரில் எங்கள் தெருவில் எவர் வீட்டு வேலியிலும் மருதாணி இருந்ததில்லை. சமவெளிப் பெண்கள் கைநீட்டிப் பறிக்கும் இலை எங்களுக்கு மலையேறி வர வேண்டியிருந்தது.

1980களின் பிற்பகுதி அது. எங்கள் அத்தா காய்கறி மண்டியொன்றில் கணக்கெழுதி வந்தார். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்துச் சந்தைக்கு இறங்கும் லாரிகள் திரும்பும்போது பெரும்பாலும் வெறுமையாக வரும். நோன்பு மாதத்தின் கடைசி வாரத்தில் மட்டும் ஓட்டுநர் அண்ணன்மார் ஈரத் துணியில் சுற்றிய மருதாணி இலையைக் கல்லாறும் பர்லியாறும் கடந்து கொண்டுவந்து தருவர். விலை வாங்கமாட்டார்கள். “பெருநாளுக்குப் பிரியாணி இருக்குமல்லவா?” என்பதே அவர்கள் கேட்ட கூலி. அவர்களுள் பெரும்பாலோர் வேற்றுச் சமயத்தவர் என்பதை இன்று நினைக்கையில் உள்ளம் குளிர்கின்றது.

வந்த இலை சிறிதளவே. வீட்டில் பெண்மக்கள் நால்வர். அண்டை வீட்டுச் சிறுமியரும் வந்துவிடுவர். உள்ளங்கை முழுதும் வரைய இலை போதாது. மேலும் மருதாணி குளிர்ச்சியுடையது, மலைக்குளிரில் குழந்தைகளுக்குச் சளி பிடித்துவிடும் என்பது எங்கள் நன்னியின் உறுதியான கருத்து. ஆகவே அவர் ஒரு முடிவு செய்திருந்தார்: “உள்ளங்கை வேண்டாம், நகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.” இங்ஙனம் இலைத் தட்டுப்பாடும் குளிரும் சேர்ந்து எங்களை நகக்கலைஞர் ஆக்கின.

நன்னியின் செய்முறை

அம்முறையை இங்கே எழுதி வைப்பது நலம் என எண்ணுகிறோம். எழுதாதவை மறைந்துபோகும் காலம் இது.

இலையைக் கழுவி, நீர் அதிகம் சேர்க்காமல் அம்மியில் மைபோல் அரைக்க வேண்டும். உடன் ஒரு கொட்டைப்பாக்கு, இரண்டு கிராம்பு, சில துளி எலுமிச்சைச் சாறு. நீர் தேவைப்பட்டால் கொதிக்கவைத்து ஆறிய கடுந்தேயிலைச் சாயம். தேயிலை எங்கள் ஊரில் குறைவில்லாப் பொருள். அரைத்த விழுதை உடனே வைக்காமல் சில நாழிகை மூடிவைப்பார். பின்னர் நகத்தை எலுமிச்சைத் தோலால் துடைத்து எண்ணெய்ப்பசை நீக்கி, விழுதைத் தொப்பிபோல் நுனிவிரலில் கவிப்பார். இதற்குத் ‘தொப்பி வைத்தல்’ என்றே பெயர்.

தொப்பியோடு நின்றிருந்தால் அது கலையாகாது. நன்னி நகத்தில் மறைப்பு வைப்பார். பர்லியாற்றிலிருந்து வரும் பலாப்பழத்தை உரிக்கும்போது ஒழுகும் பிசினைக் குச்சியில் சுற்றிப் பாதுகாத்திருப்பார். அதை விளக்குச் சுடரில் இளக்கி, சூடு தணிந்ததும் நகத்தில் புள்ளி புள்ளியாகத் தொட்டு வைப்பார். அதன்மேல் மருதாணித் தொப்பி. காலையில் விழுதையும் பிசினையும் உரித்தால் செந்நிலத்தில் வெண்புள்ளிகள் மலர்ந்திருக்கும். கேரளத்து முஸ்லிம் இல்லங்களில் மயிலாஞ்சி இடுகையில் பலாப்பிசினைக் கொண்டு புள்ளி வைக்கும் வழக்கம் இருந்தது. மலையின் மறுபுறத்திலிருந்து மணமுடித்து வந்தவர் எங்கள் நன்னி.

எங்கள் உள்ளங்கவர்ந்த கோலம் பிறையாகும். காயத்திற்கு ஒட்டும் பிளாஸ்திரியை மெல்லிய வில்போல் நறுக்கி நகத்தின் அடியில் ஒட்டிவிட்டு மருதாணி வைத்தால், மறுநாள் சிவந்த வானில் வெண்பிறை தோன்றும். பிளாஸ்திரித் துண்டு, தென்னை ஈர்க்கு, பலாப்பிசின், இலை ஆகிய இவையே கருவிகள். நான்கு பெண்மக்களுக்கும் சேர்த்து ஆன செலவு பத்துக் காசுகூட இல்லை.

குளிரூரில் இன்னொரு தடையும் உண்டு. கை சில்லென்று இருந்தால் நிறம் சரியாக ஏறாது. ஆகவே கணப்புச் சட்டியைச் சூழ்ந்து அமர்வோம். வாணலியில் கிராம்பை வறுத்து அதன் புகையில் விரல்களைக் காட்டச் சொல்வார் நன்னி. இஷாத் தொழுகை முடிந்தபின் வைத்து, சுபுஹுக்கு முன் உரித்துவிடுவது விதி. பெருநாளுக்கு முந்திய இரவில் வைக்கவே விடமாட்டார். “பிறை 28 இரவில் வைத்தால்தான் பெருநாளன்று சிவக்கும்” என்பது அவர் வாக்கு.

இலைக்குள் இருக்கும் அறிவியல்

நன்னியின் வாக்குகளுக்கு வேதியியல் இன்று விளக்கம் தருகிறது. ஐசக் லாசன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவரின் பெயரால் லின்னேயஸ் இச்செடிக்கு ‘லாசோனியா இனெர்மிஸ்’ எனப் பெயரிட்டார். அப்பெயரைத் தழுவியே இதன் சாயப்பொருள் ‘லாசோன்’ எனப்படுகிறது. இலையில் அது வேறொரு சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது. அரைத்துச் சிறிது புளிப்புச் சேர்த்து மூடிவைக்கும்போது கட்டு அவிழ்ந்து லாசோன் வெளிப்படுகிறது. அது நகத்திலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தோடு பிணைகிறது. உரித்த உடன் செம்மஞ்சளாகத் தோன்றும் நிறம் காற்றுப் பட்டு ஓரிரு நாளில் கருஞ்சிவப்பாக முதிர்கிறது. பிறை 28 என்னும் கணக்கின் பொருள் இதுவே.

தோலின் மேற்படலம் நாள்தோறும் உதிர்வதால் உள்ளங்கைச் சிவப்பு இரு வாரங்களில் மங்கிவிடும். நகம் உதிர்வதில்லை, வளர்கிறது. கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் இடையே ஏறத்தாழ 70 நாள்கள். அதற்குள் நகத்தின் அடியிலிருந்து 7 மில்லிமீட்டர் அளவு வெண்ணிறம் எழும்பிவிடும். முதல் வாரத்தில் மெல்லிய கீற்று, மாத முடிவில் வளர்பிறை, அடுத்த பெருநாளில் பாதி வெண்மை, பாதி சிவப்பு. நாள்காட்டியைப் பாராமல் நகத்தைப் பார்த்தே அடுத்த பெருநாளின் தொலைவைச் சொல்ல அந்நாளில் எங்களால் முடிந்தது.

மருதாணி வாய்க்காத ஆண்டில் முற்றத்துக் காசித்தும்பை கைகொடுக்கும். மலையின் ஈரமும் நிழலும் அதற்கு மிகவும் உகந்தவை. அதன் இதழையும் இலையையும் படிகாரத்தோடு நசுக்கி நகத்தில் கட்டினால் இளஞ்செம்மை ஏறும். காசித்தும்பையிலும் லாசோன் உண்டு என்பதே காரணம். தொலைவிலுள்ள கொரிய நாட்டிலும் பெண்கள் இதே பூவைப் படிகாரத்தோடு நசுக்கி, இலையால் சுற்றி, நூலால் கட்டி நகத்திற்குச் சாயமிடுவர். முதற்பனி விழும்வரை அந்நிறம் நகத்தில் எஞ்சியிருந்தால் முதற்காதல் கைகூடும் என்பது அங்குள்ள நம்பிக்கை. நாங்கள் நகத்தில் பெருநாளை எண்ணினோம்; அவர்கள் பனியை எண்ணுகிறார்கள். எளியோர் கலை கடல் கடந்தும் ஒன்றுபோல் இருப்பது வியப்பன்றோ?

குப்பியில் அடைத்த வண்ணம்

கடையில் விற்கும் நகப்பூச்சின் வரலாறும் அறியத்தக்கது. அதில் படலமாகப் படியும் முதன்மைப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சை அமிலங்களில் நனைத்துச் செய்யப்படுவது. அதே குடும்பத்தைச் சேர்ந்த வெடிபஞ்சைக் கொண்டு வெடிமருந்து செய்வதற்காகவே, குன்னூரை அடுத்த அருவங்காட்டில் ஆங்கிலேயர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்டைட் தொழிற்சாலையை நிறுவினர். எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு அத்தொழிற்சாலையே சோறிட்டது. துப்பாக்கிக்குப் போகும் பொருளின் உடன்பிறப்பு நகப்பூச்சுக் குப்பியில் அமர்ந்திருப்பது காலத்தின் விந்தை. அமெரிக்காவில் 1932ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ரெவ்லான் நிறுவனமும், நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு டாட்டா குழுமம் தொடங்கிய லாக்மே நிறுவனமும் இப்பூச்சினை வீடுதோறும் கொண்டு சேர்த்தன.

நகப்பூச்சு நகத்தின்மேல் படலமாக நிற்கிறது. நீரை உள்ளே விடுவதில்லை. ஒளுச் செய்கையில் நீர் நகத்தைச் சென்றடைய வேண்டும் என்பதால், தொழுகையைப் பேணும் பெண்கள் ஒவ்வொரு முறையும் அதனை அகற்ற வேண்டியுள்ளது. மருதாணி படலமாக நிற்பதில்லை, நிறமாக ஊறிவிடுகிறது. தொழுகைக்கும் அது தடையாவதில்லை, பாத்திரம் துலக்குவதற்கும் தடையாவதில்லை. இரு பெருநாள்களுக்கு நடுவே எத்தனை வேலை செய்தாலும் உரியாத ஒரே நகவண்ணம் இதுவே. நகப்பூச்சை விரும்பும் மாணவியரை நாங்கள் பழிக்கவில்லை. உழைக்கும் கைக்கு எது ஒத்துவரும் என்பதை மட்டும் சுட்டுகிறோம்.

கடையில் வாங்கும் மருதாணிக் கூம்பு குறித்தும் ஓர் எச்சரிக்கை உண்டு. இராசத்தான் மாநிலத்துச் சோஜத் மருதாணிக்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அரபு நாடுகள் பலவும் கூடி விண்ணப்பிக்க, 2024ஆம் ஆண்டு மருதாணி மரபு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இத்துணைப் பெருமையுடைய இலையின் பெயரால், ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கப்படும் சில கலவைகளில் பாராபினைலின்டையமின் என்னும் தலைமுடிச் சாயப்பொருள் கலக்கப்படுகிறது. அது தோலைப் புண்ணாக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்தவர்க்கு வாழ்நாள் முழுதும் தொடரவும் கூடும். இயற்கை மருதாணி ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று கறுப்பதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். கைக்குழந்தைகளுக்கு எம்மருதாணியும் வைக்க வேண்டா. குருதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது தீங்கு செய்யும்.

வலக்கை

இதுகாறும் கூறியவற்றால் மருதாணி செலவில்லாக் கலை என்பது விளங்கும். செலவில்லை, ஆனால் விலை உண்டு. அவ்விலையை எங்களுக்கு உணர்த்தியவர் எங்கள் அம்மா.

அம்மாவின் இடக்கை நகங்கள் ஒவ்வொரு பெருநாளிலும் சிவந்திருக்கும். வலக்கை நகங்கள் சிவந்து நாங்கள் கண்டதில்லை. தெருப்பெண்கள் அதை ஒரு நாகரிகம் என்றே எண்ணினர். உண்மை மிக எளியது. வீட்டார் அனைவர்க்கும் நன்னி மருதாணி வைத்து முடிக்கையில் நள்ளிரவு நெருங்கிவிடும், முதியவரும் கண்ணயர்ந்துவிடுவார். அதன்பின் அம்மா சட்டியில் ஒட்டியிருக்கும் எஞ்சிய விழுதை வழித்துத் தம் வலக்கையால் இடக்கை நகங்களில் வைத்துக்கொள்வார். வலக்கைக்கு வைக்க இன்னொருவர் கை வேண்டும். வைத்தாலும் அக்கை சில மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். சஹருக்குச் சோறு வடிப்பது யார்? அழுகிற தம்பியைத் தூக்குவது யார்?

‘உங்கள் நகத்தை நீங்களே அழகு செய்துகொள்ளுங்கள்’ என்று இன்று பலரும் கற்பிக்கின்றனர். நல்லதே. ஆயினும் ஒருவர் தமக்குத் தாமே செய்துகொள்ளக் கூடியது ஒரு கைக்குத்தான். மறு கைக்குப் பிறர் வேண்டும். மருதாணி வைத்த கை உண்ண இயலாது, ஒருவர் ஊட்ட வேண்டும். கொண்டை முடிய இயலாது, ஒருவர் முடிந்துவிட வேண்டும். அவ்விலை கேட்கும் கூலி பணமன்று, ஓய்வும் உடனிருப்பும். அவ்விரண்டும் வாய்க்காத பெண்ணுக்கு இலை மலிவாகக் கிடைத்தும் பயனில்லை.

இதனை மனத்திற்கொண்டே எங்கள் துறையின் இலக்கிய மன்றத்தில் ஒரு போட்டி வைத்தோம். மாணவியர் சிலர் நகக்கலைப் போட்டி வேண்டுமென்று கேட்டனர். பொருள் வாங்க இயலாதோர் ஒதுங்கிவிடுவரே என்று தயங்கி, இரண்டு விதிகளை விதித்தோம். கடையில் எப்பொருளும் வாங்கக் கூடாது என்பது ஒன்று. தம் நகத்தில் வரையக் கூடாது, நாள்தோறும் தமக்காக உழைக்கும் ஒருவர் நகத்திலேயே வரைய வேண்டும், அதுவும் இரண்டு கைகளிலும் என்பது மற்றொன்று. விடுதிச் சமையற்கூடத்து அம்மாமார் நால்வர் அன்று மாலை ஈர விரல்களை நீட்டியபடி அமர்ந்திருக்க, மாணவியரே சோறு பரிமாறிய காட்சி எங்கள் துறை அதுவரை காணாதது.

போட்டியில் சேராத மாணவி ஒருத்தி இருந்தாள். குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். தாயார் கொழுந்து பறிப்பவர். ஈரிலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கிள்ளிப் பால் பட்ட விரல்களில் கறை ஏறிக் கறுத்துப் போகும். “எங்கம்மா நகத்துல வேற எந்த நிறமும் ஏறாது மேடம்” என்றாள். அவளை வற்புறுத்தவில்லை. ஊருக்குப் புறப்பட்டபோது இரண்டு பிடி மருதாணி இலையை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினோம்.

விடுமுறை முடிந்து வந்தவள் கூறியது இது. ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்திற்கு விடுப்பு. தாயின் பத்து விரலுக்கும் தொப்பி வைத்துவிட்டாள். “அம்மாவுக்குக் கையைச் சும்மா வெச்சிருக்கவே தெரியல மேடம். அடுப்பப் பாக்க எழுந்திருக்கிறாங்க, விறகெடுக்கப் போறாங்க. உக்காருங்கன்னு சொல்லிச் சொல்லிப் பிடிச்சு வெச்சேன். சோறு ஊட்டினப்ப வாயத் திறக்கக் கூச்சப்பட்டாங்க.” நிறம் ஏறியதா என்று கேட்டோம். “ஏறிச்சு மேடம். மத்தவங்களுக்கு ஏறுற மாதிரி செவப்பு இல்ல. கருஞ்செவப்பு. திங்கக்கிழமை கொழுந்தெடுக்கறப்ப எல்லாரும் கேட்டாங்களாம்.” தேயிலைக் கறையும் மருதாணிச் சாயமும் ஒரே நகத்தில் குடியிருந்தன. கறையை மறைக்க அவள் முயலவில்லை; அதன்மேல் அழகை ஏற்றியிருந்தாள்.

மாணவியரே, நகத்தை அழகு செய்துகொள்ளுங்கள். அதற்குக் கடைத்தெரு தேவையில்லை என்பதை இக்கட்டுரை காட்டியிருக்கும். வேலியோர மருதாணியும் முற்றத்துக் காசித்தும்பையும் ஈர்க்குக் குச்சியும் போதும். வரும் பண்டிகை எந்தச் சமயத்தாருடையதாயினும், விழுதில் முதற்பிடியை உங்கள் வீட்டில் எவர் கை ஓய்வறியாததோ அவருக்கு எடுத்து வையுங்கள். அவருடைய வலக்கைக்கு வையுங்கள். அது காயும்வரை அவர் வேலையை நீங்கள் செய்யுங்கள். இல்லத்து ஆடவர்க்கும் இதில் பங்குண்டு என்பதைப் பெரியோர்கள் எடுத்துரைக்க வேண்டுகிறோம். சோறு ஊட்டவும் அடுப்பைப் பார்த்துக்கொள்ளவும் ஆண்மக்களால் இயலாதா என்ன? சில மணி நேர ஓய்வு அது. ஆயினும் அடுத்த மூன்று திங்களுக்கு அவர் நகத்தில் பிறை வளர்ந்துகொண்டே இருக்கும்.